ரேடியேட்டரில் மஞ்சள்

திசையன்விளையில் பிறந்த பூதத்தான் பம்பாய்க்கு வந்த ஆண்டு 1951. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. 1958 முதல் தாராவியில் கரீம் பாட்சாவின் லாரிப் பட்டறையில் மிஸ்திரியாக இருந்தார். தோல் ஏற்றிச் செல்லும் ஆறு லாரிகளையும் அவரே பழுது பார்த்தார். ஒவ்வொரு வேலையையும் பட்டறைப் பதிவேட்டில் தேதி, பழுது, காரணம் என மூன்று பத்திகளில் தம் கையாலேயே எழுதினார்.

1965 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் நம்பர் லாரி வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இசக்கி, பூதத்தானின் மனைவி பேராச்சியின் தம்பி. இரண்டாண்டுகளுக்கு முன் முதலாளியிடம் மன்றாடி அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் பூதத்தான்தான்.

"நாலு மாசம்தானே ஆச்சு நீ இதைப் பிரிச்சு?" என்றார் கரீம் பாட்சா.

பூதத்தான் வாய் திறப்பதற்குள் இசக்கி முந்திக்கொண்டான். "அத்தான் போன தடவ கேஸ்கெட்ட ஒழுங்கா வைக்கல போலுக்கு மொதலாளி."

பூதத்தான் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழிகள் விடாமல் கிளம்பின. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினால் பால் கலந்த தேநீரின் நிறம். என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருந்து நெருப்பையும் தண்ணீரையும் பிரித்துவைக்கும் தகடுதான் கேஸ்கெட். அது போயிருந்தது.

நண்பகலுக்குள் ஹெட்டை இறக்கினார். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையில் கேஸ்கெட் கருகிக் கிடந்தது. ஹெட்டின் அடிப்பக்கத்தில் இரும்பு அளவுகோலைக் குறுக்காக வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, நடுவில் ஒளி தெரிந்தது. ஹெட் வளைந்திருந்தது. கேஸ்கெட்டைத் தவறாகப் பொருத்தினால் தண்ணீர் கசியும். ஹெட் இப்படி வளையாது. என்ஜின் பலநாள் கொதித்திருந்தால்தான் வளையும். ஏன் கொதித்தது என்றறிய ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். குழாய்களிலிருந்து மஞ்சள் நிறச் சேறு வழிந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். சமையல் மஞ்சள்.

"ரேடியேட்டர்ல ஓட்ட விழுந்திருக்கு மொதலாளி. அத அடைக்க மஞ்சத்தூளப் போட்டிருக்கான். அது ஊறி ஓட்டையோட குழாயவும் சேத்து அடைச்சிட்டு. தண்ணி ஓடாம என்ஜின் கொதிச்சிருக்கு."

"நானா? பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் ஊத்தினதில்ல. எங்க அக்கா மேல சத்தியம்!" என்றான் இசக்கி.

கரீம் பாட்சா சிரித்தார். "மீன் கொழம்பு வைக்கவா நான் லாரி வாங்கினேன்? ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் திங்கிறீங்க. எவன் போட்டான்னு நான் எங்க போய்த் தேட? சாட்சி இருந்தா கூட்டிட்டு வா, மிஸ்திரி. இல்லேன்னா சனிக்கிழமையோட வேற பட்டறை பாத்துக்கோ. யார் கேட்டாலும் காரணத்தையும் சொல்லுவேன்."

வீடு இரண்டு சந்து தள்ளி இருந்தது. பூதத்தான் உள்ளே நுழைந்ததும், "மஞ்சத்தூள் டப்பாவ எடு" என்றார்.

பேராச்சி எடுக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பொங்கல் கழிஞ்சு மான்குர்த்ல எங்கயோ முட்டிட்டானாம். ஒங்களுக்குத் தெரிஞ்சா ஏசுவியளோன்னு பயந்தான். மூணு தடவ குடுத்தேன்."

"ரெண்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

அவள் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரி, வந்து மொதலாளிகிட்ட அதயே சொல்லு."

"வரமாட்டேன். ஒங்களுக்குக் கையில தொழில் இருக்கு, எந்தப் பட்டறையும் கூப்பிடும். அந்த ஸ்டியரிங்க விட்டா அவனுக்கு என்ன இருக்கு?"

"எனக்கு ஒரு பேரு இருந்துச்சு, பேராச்சி."

அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டறையில் கரீம் பாட்சா கேட்டார்: "சாட்சி?"

"இல்ல, மொதலாளி."

ஆயினும் பிரித்த வேலையைப் பூதத்தான் பாதியில் விடவில்லை. ஹெட்டைக் குர்லாவுக்கு அனுப்பி லேத்தில் சமப்படுத்தி வாங்கினார். ரேடியேட்டரைச் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். புதிய கேஸ்கெட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மூன்று சுற்றாக இறுக்கினார். என்ஜினைச் சூடாக ஓடவிட்டு நிறுத்தி, மீண்டும் ஒருமுறை இறுக்கினார். வெள்ளிக்கிழமை மாலை லாரி புகையில்லாமல் கிளம்பியது.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து இசக்கி எட்டிப் பார்த்தான். "இனிமே கொதிக்காதுல்லா, அத்தான்?"

"கொதிச்சா ஒங்க அக்காகிட்டப் போய்ச் சொல்லு."

பதிவேட்டில் அந்த வாரத்துப் பக்கத்தில், காரணம் என்ற பத்தியில் பூதத்தானின் கையெழுத்தில் உள்ளது: "ரேடியேட்டரில் மஞ்சள்தூள்." போட்டவர் பெயர் இல்லை. அதன் கீழே வேறொரு கையெழுத்தில், "மிஸ்திரி மாற்றப்பட்டார், 13-3-65" என்றிருக்கிறது.

திங்கட்கிழமை பூதத்தான் காட்கோபரில் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனார். பேராச்சி விடியுமுன் எழுந்து சோறு பொங்கித் தூக்குவாளியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவர் அதைத் தாண்டிச் சென்றார்.