கற்பூரத் தட்டு ஏந்திய சூப்பர்வைசர்

குப்பனூர் சட்டைக் கம்பெனியில் மேனேஜர் ஆக வேண்டுமென்றால் முதலில் ஏற்காட்டுக்குப் போக வேண்டும். ஏரிக்கரை லாட்ஜில் மூன்று நாள் வகுப்பு. தையல் மெஷினில் உட்கார்ந்தே அறியாத ஒருவர் வந்து, ஆட்களிடம் வேலை வாங்கும் வித்தையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். அங்கே வேலை பார்த்த என்னையும் ஒருமுறை கூப்பிட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டேன்.

கரடியூர் மாதேஸ்வரன் அங்கே டெய்லராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவன். மேனேஜர் நாற்காலி மேல் அவனுக்கு உயிர். எங்கள் ஏற்காட்டு மலைப் பெண்கள் கம்பெனியிலேயே தங்கித் தைப்பார்கள். வைகாசியில் எங்கள் மலைச்சாமி சேர்வராயன் திருவிழாவுக்குப் போனால் மட்டும் சீக்கிரம் திரும்ப மாட்டார்கள். எண்பத்தெட்டில் அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். புறப்படும் முன் கற்பூரம் ஏற்றி, உடனே திரும்புவதாகச் சேர்வராயன் பெயரில் ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் வாங்கினான். திருவிழா முடிந்த மறுநாளே அத்தனை பேரும் மெஷினில் இருந்தார்கள். அந்தச் சாமி பெயரில் சொன்ன சொல்லை மலையில் யாரும் மீறுவதில்லை. இதைக் கம்பெனிக்குக் காட்டிக்கொடுத்தவன் எங்கள் ஆள் என்பதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

அடுத்த வகுப்பில் அவனையே பேசச் சொன்னார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பெருமையாகச் சொன்னான். கேட்டவர்களில் ஒருவர் பாலசுப்பிரமணியம், முதலாளியின் உறவு. பாடம் அவருக்கு நன்றாகவே ஏறியது. ஆறே மாதத்தில் மேனேஜர் ஆனார். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு முடியும்வரை யாரும் ஊருக்குப் போவதில்லை என்று சத்தியம் வாங்கச் சொன்னார். அடுத்த மேனேஜர் நீதான் என்று ஒரு ஆசை வார்த்தை. மாதேஸ்வரன் தட்டை ஏந்தினான். அங்கேயே தைத்துக்கொண்டிருந்த அவன் தங்கை முத்தாயியும் அதில் கை வைத்தாள்.

சத்தியம் வாங்கிய இரண்டாம் நாள் கரடியூரிலிருந்து ஆள் வந்தது. அவர்களுடைய அம்மா கண்ணாயிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மகளைக் கேட்கிறாளாம்.

"கெளம்பு கண்ணு, ஜீப்பு நிக்குது" என்றான் மாதேஸ்வரன்.

"சத்தியம் பண்ணிருக்கறனுங்ணா. சரக்கு இன்னும் முடியல."

"நாந்தான வாங்குனேன்? நானே சொல்றேன், வா."

"வாங்குனது நீங்க. குடுத்தது சேர்வராயனுக்குங்ணா. மீறிப் போனா அம்மாவுக்கே ஆகாது."

கையைப் பிடித்துக் கெஞ்சினான். அவள் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே காலர் தைத்தாள். அவன் தனியாக ஜீப்பில் ஏறினான். கண்ணாயி மகள் பெயரைச் சொல்லியே உயிரை விட்டாள். மண் போடும்போது பங்காளிகள் மகள் எங்கே என்று கேட்டார்கள். அவன் குனிந்து இன்னொரு பிடி மண் அள்ளினான்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவனுக்கு மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். சரக்கு நேரத்துக்குப் போய்விட்டிருந்தது.

"உங்க தங்கச்சி மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும் மாதேஸ்வரன். அடுத்த வகுப்புல இதையும் நீங்களே சொல்லிருங்க" என்றார்.