ஒரு கைப்பிடிக் கற்கண்டு

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, அக்கம்பக்கத்தார் கீரையும் பாகற்காயும் வளர்க்கும் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில், ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குப் புல் முளைக்காத மண். என் மகள் செய்த இருக்கை இன்று அங்கே இருந்திருக்க வேண்டும். சந்தைக்குப் போக அதுதான் குறுக்கு வழி. நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு என் கவலை முழுவதும் அவள் ஒருத்திமேல் இறங்கிவிட்டது. அவள் பல்கலைக்கழகத்தில் கான்கிரீட் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஊரின் குப்பையை எரித்தபின் மிஞ்சும் சாம்பல், பொடித்த கண்ணாடிப் புட்டிகள், இடித்த கட்டடங்களின் கல் துண்டுகள். இவற்றைச் சேர்த்து, சிமெண்டையும் மணலையும் குறைத்து, உறுதியான கான்கிரீட் செய்ய முடியுமா என்பது அவள் கேள்வி. எனக்கு அதில் புரிந்ததெல்லாம் தூசிதான். பன்னிரண்டு மணிக்கு ஒரு செய்தி அனுப்புவேன், மூன்று மணிக்கு ஒன்று. சாப்பிட்டாயா, மாஸ்க் போட்டாயா. "ம்மா, நான் லேப்ல இருக்கேன், போர்க்களத்துல இல்ல லா" என்று ஒருநாள் பதில் வந்தது.

அவள் செய்யும் கட்டிகளை ஒருமுறை காட்டினாள். முஷ்டி அளவுச் சதுரக் கட்டிகள். அச்சில் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறது என்பதுதான் விடை. "இவ்வளவு நாள் பார்த்துப் பார்த்துச் செஞ்சிட்டு உடைக்கிறதா?" என்றேன். "உடைச்சாதாம்மா தெரியும்" என்றாள்.

மூன்றாம் ஆண்டில் அவள் கட்டிகள் நன்றாகத் தாங்கின. அடுத்தபடியாக, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, மழையிலும் வெயிலிலும் நிற்கும் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு ஓர் இருக்கை என்று முடிவாயிற்று. அது நன்றாக நின்றால் அவள் ஆய்வு இன்னும் இரண்டு ஆண்டுகள் தொடரும்; வேறு பேட்டைகளிலும் இருக்கைகள் வரும். நிற்காவிட்டால் அதோடு முடிந்தது. "நம்ம குப்பை மேலயே நாம உட்காரப் போறோம்மா" என்று சிரித்தாள். அப்பா போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை வார்ப்பதாக இருந்தது. பொருட்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டன. கீழே வைத்தால் நனையும், வீட்டிலேயே வைத்துக்கொள் என்று நான்தான் வற்புறுத்தினேன். மூடி போட்ட வாளிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் எடை எழுதி ஒட்டியிருந்தது.

"தொடாதம்மா. எல்லாம் எடை போட்டு வச்சிருக்கு."

"நான் ஏன் தொடப் போறேன்?"

அன்று மாலை கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். தட்டில் திருநீறு, பூ, ஒரு பொட்டலம் கற்கண்டு வந்தன.

கடைக்கால் போடும்போது குழியில் பாலும் நவதானியமும் இடுவது எங்கள் வழக்கம். இந்த ஊரில் வீடு கட்டி முடித்தே கைக்கு வருகிறது. சாவியை வாங்கி, பால் காய்ச்சிக் குடியேறுகிறோம். எங்கள் குடும்பத்தில் யாரும் இங்கே மண்ணில் கடைக்கால் என்று ஒன்று போட்டதில்லை. முதன்முதலாகத் தன் கையால் சிமெண்ட் குழைத்து ஒரு பொருளைத் தரையில் நிறுத்தப் போகிறவள் என் மகள். அதற்கு ஒன்றுமே செய்யாமல் எப்படி இருப்பது? அவளிடம் சொன்னால் சிரிப்பாள், அல்லது கத்துவாள்.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் கற்கண்டைச் சிறிய உரலில் இட்டு இடித்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் முடித்தேன். கண்ணாடிப் பொடி இருந்த வாளியைத் திறந்தேன். கற்கண்டுப் பொடியை ஒரு கைப்பிடி அள்ளித் தூவினேன். இரண்டும் ஒரே மாதிரி மின்னின. விரலால் கலந்துவிட்டபின் எது எது என்று எனக்கே தெரியவில்லை. நான் பாலர் பள்ளி ஆசிரியை. தொடாதே என்றால் தொடக்கூடாது என்று இருபது ஆண்டுகளாக மற்றவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

காலை பத்து மணிக்குள் வார்த்து முடித்தார்கள். அவள் பேராசிரியர் வந்திருந்தார். தோட்டத்து மலாய்க்கார அம்மா ஒருவர் எல்லாருக்கும் குவே பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, "நான்தான் முதலில் உட்காருவேன்" என்று சைகையால் சொல்லிச் சிரிக்கவைத்தார். அதே கலவையில் மகள் ஆறு கட்டிகளும் வார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அச்சுப் பலகையைக் கழற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். இருக்கையின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. ஈரமாவு போல ஒரு துண்டு அவள் செருப்பின்மேல் விழுந்தது. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகும் அப்படியேதான் இருந்தது. ஆறு கட்டிகளும் அப்படியே. வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்கள் வந்து அதை மண்வெட்டியால் வெட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். உடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சாம்பலில்தான் பிழை என்று அவள் முடிவுக்கு வந்தாள். குப்பைச் சாம்பலில் கலந்திருக்கும் உலோகங்கள் சில சமயம் கான்கிரீட்டை இறுகவிடாதாம். அந்தச் சாம்பல் மூட்டை அந்த வார்ப்போடு தீர்ந்துவிட்டதால் திரும்பச் செய்து பார்க்கவும் வழியில்லை. இந்தச் சாம்பலை நம்ப முடியாது என்று தன் ஆய்வறிக்கையில் தானே எழுதினாள். முனைவர் பட்டத்தை விட்டு, முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வந்தாள். தெம்பனிஸில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. காலையில் போவாள், மாலையில் வருவாள். தூசி இல்லை. நான் மூன்று மணிக்குச் செய்தி அனுப்பினால் உடனே பதில் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனேன். கூட்டமான கடை ஒன்றில், கட்டுமான வேலை பார்க்கும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்த மேசையில் இடம் கிடைத்தது. ஒருவர் தேநீரில் சீனியைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"போதும்டா! கான்கிரீட் லாரிக்குக் கொட்டுற மாதிரி கொட்டுறான் பாரு."

"நான் என்னைக்குடா இறுகினேன்? உன் தலைதான் ஏற்கெனவே செட் ஆயிருச்சு."

நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்: "லாரிக்கு எதுக்குத் தம்பி சீனி?"

"அது ஒண்ணுமில்லக்கா. கான்கிரீட் ஏத்திட்டு வர்ற லாரி வழியில நின்னு போச்சுன்னா, உள்ள இறுகி டிரம்மே வீணாப் போயிரும்ல? ரெண்டு மூட்டை சீனியை உள்ள கொட்டிட்டா இறுகாது. அப்புறம் வழிச்சு வெளிய எடுத்துரலாம்."

"கொஞ்சம் விழுந்தாலுமா?"

"கொஞ்சம் போதும்க்கா. எங்க சைட்ல கலவை பக்கம் டீ டம்ளரையே கொண்டு வரக்கூடாதுன்னு மேஸ்திரி திட்டுவாரு."

நான் எழுந்தது நினைவிருக்கிறது. "அக்கா, உங்க பை!" என்று அவர் பின்னாலேயே ஓடிவந்து காய்கறிப் பையைக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. ரயிலில் ஏறி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மூன்று வாரம் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று ஒரு நாள். சொன்னால் என்னைவிட்டுப் போய்விடுவாள் என்று மறுநாள். ஆனால் அவள் தன்மேல் நம்பிக்கை இழந்திருந்தாள். கடையில் ஒரு மின்விசிறியைத் தேர்ந்தெடுக்கக்கூட, "நீயே பாரும்மா, நான் பார்த்தா தப்பாயிடும்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபின் என்னால் முடியவில்லை. அன்று பிற்பகலே சொன்னேன். வாளி, உரல், கற்கண்டு, எல்லாம்.

அவள் கத்தவில்லை. என் கைகளைப் பார்த்தாள்.

"எவ்ளோ போட்ட?"

"ஒரு கை."

"ஒரு கைன்னா எவ்ளோம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கேக் செய்ய வாங்கிய சிறிய தராசை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். "கற்கண்டு இருக்கா? அதே உரல்ல இடி."

இடித்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று அள்ளியது போலவே அள்ளிக் கிண்ணத்தில் போடச் சொன்னாள். அறுபத்தெட்டு கிராம்.

"திரும்ப எடு. மூணு தடவை வேணும்."

எழுபத்தொன்று. அறுபத்தாறு.

மின்கட்டணக் கடிதத்தின் பின்பக்கத்தில் மூன்றையும் எழுதினாள். கூட்டி, மூன்றால் வகுத்தாள். அந்த வாளிகளில் இருந்த சிமெண்டின் எடை அவளுக்கு இன்னும் மனப்பாடமாக இருந்தது. இருபது கிலோ. மறுபடி வகுத்தாள். விடையின் கீழே ஒரு கோடு போட்டாள். கான்கிரீட்டை இறுகவிடாமல் செய்ய அதில் பாதியே போதுமாம்.

"அப்போ என் மிக்ஸ் சரிதான்" என்றாள். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். நான் அவள் தலையைத் தொடப் போனேன். கையெல்லாம் கற்கண்டாக இருந்தது. தொடவில்லை.

மறுநாள் பேராசிரியருக்கு எழுதினாள். அவர் அன்பாகத்தான் பதில் சொன்னார். அறிக்கையில் ஒரு திருத்தம் சேர்க்கலாம். ஆனால் அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அவள் இடத்தில் வேறொரு மாணவி வேறொரு கலவையில் வேலை செய்கிறாள்.

திருத்தத்தை அவள் கூடத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். தேநீர் வைக்கப் போனபோது திரையைப் பார்த்தேன். சாம்பலில் குறையில்லை என்று எழுதியிருந்தாள். கலவையில் சர்க்கரை சேர்ந்திருந்தது, எவ்வளவு என்றும் எழுதியிருந்தாள். அது எப்படிச் சேர்ந்தது என்பதற்கு, "பொருட்களைப் பாதுகாப்பதில் ஆய்வாளரின் கவனக்குறைவு" என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

"என் பேரைப் போடும்மா" என்றேன்.

"அங்க உன் பேருக்கு இடமில்லம்மா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போதும் தெம்பனிஸுக்குத்தான் போய்வருகிறாள். மூன்று மணிக்கு நான் செய்தி அனுப்புவதில்லை. தராசுக் கிண்ணத்தில் மிஞ்சிய கற்கண்டை நானும் திரும்ப டப்பாவில் போடவில்லை, அவளும் கொட்டவில்லை. எறும்பு வந்து அது தீர ஒரு வாரம் ஆயிற்று.