தின்னர் நனைத்த துணி

விவேக் நகரில் தகரக் கொட்டகை போட்டு கார்களுக்கு பெயின்ட் அடித்துவந்த ஒருவரின் பிழைப்பை நான் கெடுத்தேன். அவர் என்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றுவார் என்று முடிவு செய்துகொண்டுதான் நான் அவரிடம் போனேன்.

என் கார் பழையது. பேட்டரி அமிலம் கசிந்து, அதை வைக்கும் தட்டும் அதற்குக் கீழே எஞ்சின் அறையின் சுவரும் துருவேறிவிட்டன. வேறு வேலைக்காக எஞ்சினை இறக்கியிருந்ததால், அந்த அறையின் உள்பக்கம் முழுவதற்கும் பெயின்ட் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். மல்லேஸ்வரத்தில் எங்கள் அடுக்ககத்தில் இன்னும் நான்கு பேர், என் வண்டி எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுத் தங்கள் கார்களைக் கொடுக்கக் காத்திருந்தார்கள். அது பெயின்டருக்கும் தெரியும்.

"உங்க வண்டி நல்லா வந்தா அந்த நாலும் எனக்குத்தான் சார். பக்கத்து ஷெட்டையும் எடுத்துடுவேன்," என்று முதல் நாளே சொன்னார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அடிப்பூச்சுக்குச் சாதாரண ரெட் ஆக்சைடு போதாது என்றார் அவர். "ஆயில், சூடு, தண்ணி எல்லாம் விழுற எடம் சார் இது. மொதல்ல துருவை மாத்துற கெமிக்கல். அப்புறம் ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி ப்ரைமர்."

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. சரியாகச் சொன்னதுதான் உறுத்தியது. விலை உயர்ந்ததை வாங்கவைத்து, அதை வேறு யார் வண்டிக்கோ அடித்துவிட்டு, என் வண்டிக்கு மட்டமானதை அடித்தால் யாருக்குத் தெரியும்? நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

"தாராளமா சார். டவுட்டுன்னா பக்கத்துலயே சேர் போட்டு உக்காருங்க. காபி நான் வாங்கித் தரேன்," என்று சிரித்தார்.

வண்டிச் சாமான்கள் விற்கும் ஜே.சி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், அமிலம் கலந்த ப்ரைமரே போதும், துருவுக்குத் தனி மருந்து வேண்டாம் என்றார். அவர் கையிருப்பைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் பெயின்டர் சொன்னதையே வாங்கினேன். இரண்டு டப்பாக்களின் அடியிலும் ஆணியால் சின்னதாக ஒரு கீறல் போட்டுவைத்தேன்.

முதல் வேலை நன்றாகவே நடந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மருந்தைத் தடவியதும் துரு கருப்பாக மாறியது. மிஞ்சிய மருந்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்தார். குறை சொல்ல எதுவும் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் ப்ரைமர் அடித்துவிட்டு, "நாளைக்கு மட்டும் வராதீங்க சார். வியாழக்கிழமை மத்தியானம் குழந்தை இயேசு கோயிலுக்குப் போயிடுவேன். ஷெட்ல யாரும் இருக்க மாட்டாங்க," என்றார்.

விவேக் நகரில் வியாழக்கிழமை கோயிலுக்குப் போகாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. வராதே என்கிறாரே என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

மறுநாள் மத்தியானம் போனேன். தார்ப்பாயை விலக்கி உள்ளே நுழைந்தேன். சரியான எபாக்ஸி ப்ரைமர், பெயின்டை இளக்கும் தின்னருக்குக் கரையாது, மட்டமானது கரையும். அங்கே கிடந்த துணியைத் தின்னரில் நனைத்து, பேட்டரித் தட்டுக்குக் கீழே தேய்த்தேன். துணி சாம்பல் நிறமானது.

எனக்கு வந்தது கோபம் அல்ல, சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அங்கேயே நின்று துணியைப் படம் எடுத்து, அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன்: "ப்ரைமரை மாற்றிவிட்டார். யாரும் வண்டியைக் கொடுக்க வேண்டாம்." நான்கு பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கீறல் போட்ட டப்பாக்கள் காலியாக மூலையில் கிடந்தன. உள்ளே இருந்ததை வேறெங்கோ ஊற்றிக்கொண்டார் என்று அதற்கும் ஒரு விளக்கம் என்னிடம் இருந்தது. அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. எஞ்சின் ஏறும்வரை வண்டி அவர் கையில் இருக்கிறதே என்ற பயம்.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். போனபோது, நான் தேய்த்த இடத்தில் மறுபடி ப்ரைமர் அடித்திருந்தது தெரிந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தின்னர் நனைத்த துணியை என் கையில் கொடுத்தார்.

"மேல் கோட் அடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே தேய்ச்சுப் பாருங்க சார். ஏழு நாள் ஆனாத்தான் முழுசா கெட்டியாகும். அதுக்கு முன்னாடி தேய்ச்சா எந்த எபாக்ஸியும் துணியில வரும்."

வேறொரு மூலையில் தேய்த்தேன். பலமாகத் தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இரண்டு டப்பாவையும் கலந்த பிறகு வினை முடிய நாளாகும் என்பது நானே பாடம் நடத்திய விஷயம்.

அப்போது அவர் கேட்டார்: "உங்க அபார்ட்மென்ட் சாருங்க நாலு பேரும் போனே எடுக்க மாட்டேங்கறாங்க. இன்னா விஷயம்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"தெரியலையே," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, மேல் கோட்டுக்குப் பெயின்ட் கலக்கப் போனார். வண்டி அருமையாக வந்தது. குழுவில் நான் எதையும் திருத்தவில்லை. இவ்வளவு படித்தவன் அவசரப்பட்டுவிட்டேன் என்று எழுத விரல் எழவில்லை. அந்த நால்வரும் வேறு இடத்தில் கொடுத்தார்கள். அவர்கள் சொல்லி இன்னும் எத்தனை பேர் விலகினார்களோ, தெரியாது. பக்கத்து ஷெட்டை அவர் எடுக்கவில்லை. ஒரு வருடத்தில் தன் ஷெட்டையும் விட்டுவிட்டார்.

ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் யாரிடமோ கூலிக்கு பெயின்ட் அடிக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் தேடிப் போனேன். ஒரு வேனுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். ஸ்ப்ரேயை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். துணி, படம், குழுவில் எழுதியது, தெரியாது என்று சொன்னது.

முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். "தெரியும் சார். படம் போட்ட அன்னைக்கே எனக்கும் யாரோ அனுப்பிட்டாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அப்படிக் கேட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் முகமூடியை ஏற்றிக்கொண்டு ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

"தள்ளி நில்லுங்க சார். சட்டை மேல படும்."