பச்சையப்பனுக்கு வைத்த பொட்டு

மந்தினிலிருந்து சிரம்பானுக்குப் போகும் பழைய சாலையில் ஒத்தக்கல் தோட்டத்து முச்சந்தி இருக்கிறது. அதை ஆறு வருடம் ஆண்டவர் புனிதன். சம்பளம் இல்லை, நியமனக் கடிதம் இல்லை. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்தேழு வருடம் ஜாகா என்னும் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி வள்ளியம்மா தேங்காய் துருவச் சொல்வாள் என்று தெரிந்ததும் பொதுத்தொண்டில் இறங்கினார். பல தொண்டர்கள் உருவான விதம் இதுதான். மற்றவர்கள் வெளியே சொல்வதில்லை.

சாலைக்கு இந்தப் பக்கம் தோட்டத்து வீடுகள். அந்தப் பக்கம் தமிழ்ப்பள்ளி, கோயில், குலாம் முகம்மதுவின் ரொட்டிக் கடை. நடுவில் மணல் லோரி, செம்பனைக் குலை லோரி, வேலைக்குப் பறக்கும் மோட்டார்கள். பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் புனிதன் மினுமினுக்கும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, நிற்கச் சொல்லும் சிவப்புப் பலகையைத் தூக்குவார். பதினாறு சக்கர லோரியும் பெருமூச்சு விட்டு நிற்கும். வீட்டில் பூனைகூட அவர் சொல்லி நின்றதில்லை.

ஊர் இதற்குக் கொடுத்த மரியாதை ஒன்றே ஒன்று. ஆயுத பூசையன்று தோட்டத்தாரின் வண்டி வாகனம், தையல் மெஷின், புல் வெட்டும் மெஷின் எல்லாம் கோயில் வாசலில் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் முதலிடம் புனிதனின் பலகைக்கு. முதல் சந்தனமும் முதல் குங்குமமும் அதற்குத்தான். லோரி முதலாளி ரவிச்சந்திரனின் புது லோரிகூட அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். அந்த முதல் பொட்டுக்காகத்தான் மனிதர் வருடம் முழுக்க வெயிலில் காய்கிறார் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொண்ட விதத்திலேயே அது உண்மை என்று தெரிந்துவிடும்.

இந்த வருடம் மார்ச் மாதம் ஒரு குத்தகைக் கம்பெனி வந்து சாலையின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டது. கம்பத்தில் ஒரு மஞ்சள் பெட்டி, பெட்டியில் ஒரு பொத்தான். அமுக்கினால் சற்று நேரத்தில் லோரிகளுக்குச் சிவப்பு விழும். எதிர்க் கம்பத்தில் பச்சையாக ஒரு குட்டி மனிதன் கைவீசி நடப்பான். அவன் பக்கத்தில் பன்னிரண்டிலிருந்து எண் இறங்கிவரும். பள்ளிப் பிள்ளைகள் முதல் நாளே அவனுக்குப் பச்சையப்பன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு வருடத்தில் புனிதனுக்கு ஒரு பட்டப்பெயர்கூட யாரும் வைத்ததில்லை. ஊரிலுள்ள எல்லா நரைத்த தலைக்கும் உள்ள அதே 'அங்கிள்'தான் அவருக்கும்.

அன்று வயிற்றில் பற்றிக்கொண்டது நெருப்பு. அதை ஊதிவிட வீட்டிலேயே ஆள் இருந்தது.

"பச்சையப்பன் உங்கள மாதிரி நடுவுல ரொட்டிக் கடைக்குத் தே தாரே குடிக்க ஓடுறதில்லலா," என்றாள் வள்ளியம்மா.

"அவனுக்கு வாய் இருக்கா, குடிக்க?"

"அதான் சொல்றேன். வாயே இல்ல. எவ்ளோ நிம்மதி."

சொல்லிவிட்டு அவள் கோயிலுக்குக் கிளம்பினாள். கம்பத்தருகே போய் ஒற்றை விரலால் பொத்தானை மெல்ல அமுக்கியதைப் புனிதன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தார். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவள் தன்மேல் அத்தனை பதமாக விரல் வைத்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

எதிரியின் குறையைக் கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது. ஒரு பள்ளி நோட்டும் கைத்தொலைபேசிக் கடிகாரமுமாக ரொட்டிக் கடை வாசலில் உட்கார்ந்தார். நான்காவது நாள் குறை தானாக நடந்து வந்தது. அதன் பெயர் பஞ்சாலை.

பஞ்சாலைக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் ரப்பர் மரம் சீவிய முட்டி இரண்டும் இப்போது அவள் சொன்னபடி கேட்பதில்லை. வாய் மட்டும் கேட்கும். கூடையோடு அவள் பாதிச் சாலைக்கு வந்தபோது பன்னிரண்டும் தீர்ந்துவிட்டது. பச்சையப்பன் மறைந்தான். லோரி ஹார்ன் அடித்தது.

"எதுக்குலா ஹார்ன் அடிக்கிற? என் கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று நடுச்சாலையில் நின்று கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள் பஞ்சாலை.

புனிதன் பலகையோடு பாய்ந்துபோய் அவளைக் கரை சேர்த்தார். மனம் பூரித்துப் போயிருந்தது.

"பாத்தீங்களாக்கா? உங்க பச்சையப்பன் நட்டநடு ரோட்டுல வுட்டுட்டு ஓடிட்டான்."

"அவன் சின்னப் பையன், பாவம். நீ அறுவத்தோரு வயசுக்காரன், கடையில உக்காந்து வேடிக்கதானே பாத்துக்கிட்டிருந்த?"

நோட்டில் அன்றிரவுக்குள் ஒரு பக்கம் நிறைந்தது. 'பஞ்சாலை அக்கா, வெறுங்கை: 21. கூடையோடு: 23. வழியில் யாரையாவது திட்டினால்: 29. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது: 9. பள்ளி விட்டதும்: 5. கோயில் தலைவர் தேவன், தொப்பையோடு: 11. என் மனைவி: 10. எதிரில் நான் நின்றால்: 14.'

பெட்டியின் மேல் எழுதியிருந்த எண்ணுக்கு ஒரு வாரம் விடாமல் போன் அடித்தார். கம்பெனியிலிருந்து ஷாமினி வந்தாள். முப்பது வயது எஞ்சினியர். பச்சையப்பனுக்கு எத்தனை விநாடி ஆயுள் என்று எழுதுகிறவள் அவள்தான்.

"பன்னெண்டு செக்கன் பத்தல மா. இருவத்தஞ்சு வேணும்."

"ஒரு ஆள் செக்கனுக்கு ஒரு மீட்டருக்கு மேல நடப்பாங்க அங்கிள். அந்தக் கணக்குதான்."

"அந்த ஆளுக்கு முட்டி வலி இருக்கா?"

ஷாமினி சிரித்தாள். பிறகு சாலையைக் காட்டினாள். "செக்கன் என்கிட்ட மரத்துல காய்க்கல அங்கிள். இவங்களுக்குக் குடுக்கணும்னா அவங்ககிட்டருந்து எடுக்கணும். காலைல எல்லாருக்கும் இருவத்தஞ்சு குடுத்தா லோரி வால் மந்தின் வரைக்கும் போவும். அப்புறம் பொறுமை போய் சிவப்புலயே பாய்வான். யார் மேல பாய்வான்? உங்க பஞ்சாலை ஆண்ட்டி மேலதான். அதுவுமில்லாம, எங்க சர்வேல ஒரு மணி நேரத்துக்கு ஆறே பேருதான் கடக்குறாங்க."

"சர்வே என்னிக்கு எடுத்தீங்க?"

ஷாமினி கையிலிருந்த பலகைக் கணினியைத் தடவிப் பார்த்தாள். முகம் சற்று மாறியது. பள்ளி விடுமுறையின் நட்டநடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை வேறு.

"பாக்குறேன் அங்கிள்," என்றாள். அந்தப் 'பாக்குறேன்' பல மாதம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆனால் போகுமுன் தன் கைக்குட்டையால் மஞ்சள் பெட்டியின் தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள். புனிதன் தன் பலகையைக் குனிந்து பார்த்தார். அதன் மேல் காக்காய் எச்சம் இருந்தது.

ஆயுத பூசை வந்தது. தேவன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"அண்ணே, கமிட்டில பேசி முடிவு பண்ணிட்டோம். இந்த வருசம் கம்பத்துக்குத்தான் மொத பூச."

"பலகை?"

"பலகையும் இருக்கும்லா. அஞ்சாவதா."

"நாலாவது எது?"

தேவன் வானத்தைப் பார்த்தார். "புல்லு வெட்டுற மெஷின்."

நாடிழந்த மன்னர்போல் புனிதன் நின்றார். அவரைத் தேற்றுவதாக நினைத்து, "நீங்கதாண்ணே இந்த ரோட்டுக்கு மூத்தவரு. கம்பத்துக்கு நீங்களே உங்க கையால பொட்டு வையுங்க," என்றார் தேவன். குடும்பத்தில் மூத்தாளைக் கூப்பிட்டு இளையாளுக்குப் பூ வைக்கச் சொன்ன கதை.

ஊரே கூடி நிற்க, மேளம் கொட்ட, புனிதன் கிண்ணத்திலிருந்த சந்தனத்தில் பாதியை அள்ளினார். கெட்டியாகக் குழைத்த சந்தனம். பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கெல்லாம் நிரம்பும்வரை அப்பினார். அதன் மேல் குங்குமத்தை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். ஏழு மாத வயிற்றெரிச்சல் மொத்தமும் அந்த விரலில் இருந்தது. பொத்தான் உள்ளே போனது. உள்ளேயே இருந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவரும்தான்.

"என்னா பக்தி பாரு," என்றாள் பஞ்சாலை.

வெயிலில் சந்தனம் காய்ந்து சிமெண்டு ஆயிற்று. சனி ஞாயிறு சாலையில் கூட்டமில்லை. ஆனால் தோட்டத்தில் ஒரு செய்தி பரவியது. பூசை போட்டதிலிருந்து பச்சையப்பனுக்கு அருள் வந்துவிட்டது! யாரும் தொட வேண்டாம், முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக வந்து கைவீசி நடக்கிறான். வள்ளியம்மா கம்பத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தாள்.

"வாயத் தொறந்து கேக்காமலே குடுக்குறாங்க. சில பேருக்கு மூணு தடவ கத்தணும்."

புனிதன் அன்று பசியாறவில்லை. தன் கையால் வைத்த பொட்டே எதிரியைத் தெய்வமாக்கிவிட்டது என்றால் எவனுக்குத்தான் இறங்கும்?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அருளின் மறுபக்கம் தெரிந்தது. கடக்க ஆள் இல்லாவிட்டாலும் பச்சையப்பன் தன் போக்கில் வந்து வந்து நடந்தான். லோரிகள் நகர்ந்தன, நின்றன, நகர்ந்தன, நின்றன. ஏழரைக்கெல்லாம் வரிசை மந்தினைத் தொட்டுவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. ஓட்டுநர்கள் இறங்கி ரொட்டிக் கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். குலாம் முகம்மது ஒருவர்தான் அருளை முழுமையாக அனுபவித்தார்.

புனிதன் பூசையன்று வீட்டு உத்தரத்தில் சொருகிவிட்ட பலகையை இறக்கினார், விசிலை வாயில் வைத்தார். ஒன்றரை மணி நேரம் அந்தச் சாலையில் அவர் சொன்னதுதான் சட்டம். விளக்கு சிவப்பு காட்டினால் அவர் 'போ' என்றார். பிள்ளைகள் சேர்ந்ததும் 'நில்' என்றார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்பது, பஞ்சாலைக்கு இருபத்து மூன்று. ஒரு விநாடி வீணில்லை. வால் சுருங்கிவந்தது. லோரிக்காரன் ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். புனிதன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். உள்ளே கரகம் ஆடியது.

ஷாமினி வந்து சேர்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள். சாவியால் சுரண்டினாள். வாசனை வந்தது.

"யாரு இது வெச்சது?"

ஊர் முழுவதும் ஒரே ஆளைப் பார்த்தது.

"பொட்டுதான் மா வெச்சேன்," என்றார் புனிதன்.

"இது பொட்டா அங்கிள்? சுவத்துக்குப் பூசுற பூச்சு." அவள் குரலைத் தணித்தாள். "வேணும்னே செஞ்ச சேதம்னு நான் ரிப்போர்ட் எழுதினா, உங்கள ரோட்டுலயே நிக்க வுட மாட்டாங்க. பலகையையும் வாங்கிடுவாங்க. தெரியும்ல?"

ஐந்தாவது இடம் போனால் போகிறது. வரிசையிலேயே இடமில்லாமல் போகிற காரியம் இது. புனிதன், எதிரியைக் குற்றக்கூண்டில் ஏற்ற எழுதிய நோட்டை எடுத்து நீட்டினார். "எல்லாம் இதுல எழுதியிருக்கேன் மா. தப்பு என் மேல மட்டும் இல்ல."

ஷாமினி புரட்டினாள். ஏழு மாதம், காலையும் மதியமும், ஆள் ஆளாக, விநாடி விநாடியாக. 'எதிரில் நான் நின்றால்: 14' என்ற இடத்தில் நிறுத்தி வள்ளியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூடினாள்.

"நாங்க ஒரு நாளு எண்ணினோம். நீங்க ஏழு மாசம் எண்ணியிருக்கீங்க. இத நான் எடுத்துக்கறேன் அங்கிள். ரிப்போர்ட்டுல 'தூசி அடைச்சுக்கிச்சு'ன்னு எழுதிக்கறேன்."

பத்தாம் நாள் புது ஏற்பாடு வந்தது. பொத்தானைச் சும்மா அமுக்கினால் பழைய பன்னிரண்டு. விடாமல் மூன்று எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தால் இருபத்து நான்கு. லோரிக்காரனுக்கும் பெரிய நஷ்டமில்லை. முட்டிக்காரிக்கும் கரை உண்டு. ஒரே சிக்கல், மரம் சீவிய பஞ்சாலையின் விரல்களுக்கு மூன்று எண்ணும்வரை அமுக்கிப் பிடிக்க வலுவில்லை. பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"மூத்தவரு இருக்காரே," என்றார் தேவன்.

அப்படியாக, பச்சையப்பனிடம் பொத்தான் பிடிக்கும் உத்தியோகத்தில் புனிதன் அமர்ந்தார். முதல் நாள் மூச்சைப் பிடித்து மூன்று எண்ணினார். பஞ்சாலை கூடையோடு நடந்தாள். இருபத்து மூன்றில் அந்தக் கரை ஏறினாள். திரும்பினாள். கூடையை இறக்கி வைத்தாள். இரண்டு கையையும் சேர்த்து, இந்தப் பக்கக் கம்பத்தின் உச்சியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"பச்சையப்பா, நல்லா இருப்பா!"

கீழே பொத்தானில் சிவந்துபோன கட்டைவிரலோடு நின்றவரை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் காலை புனிதன் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். கம்பத்தோடு சேர்த்துப் போட்டு, ஏறி நின்று, குனிந்து பொத்தானைப் பிடித்தார். எண்ணி முடித்ததும் நிமிர்ந்தார். பச்சையப்பன் அவர் தலைக்குப் பின்னால் முழுதாக மறைந்துபோனான்.

"என்னங்க பண்றீங்க அங்க?" என்று வள்ளியம்மா வீட்டு வாசலிலிருந்து கத்தினாள்.

"டூட்டி!" என்றார் புனிதன், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே.

பஞ்சாலை அந்தக் கரையில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.