செல்வி அக்கா கொடுத்த பாட்டில்

எங்கள் தெருவில் எம்.எஸ்சி. படித்தவள் நான் ஒருத்திதான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி லேபில் வேலை. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு செல்வி அக்கா, தெருப் பம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தாள். "நீ கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு. இத குடிக்கலாமான்னு பார்த்துச் சொல்லும்மா."

லேபில் சோதித்தேன். எங்கள் கம்பெனிக் கழிவு கலந்த, குடிக்கக் கூடாத தண்ணீர். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "ஒண்ணும் இல்லக்கா, தாராளமா குடிக்கலாம்" என்றேன்.

மறுநாளே என் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வரவழைத்தேன். பம்படியில் குடத்தோடு நின்ற அக்கா கேனைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். மனு எழுதக்கூட யாரும் வருவதில்லை. நான் யாருக்காகப் படித்தேன் என்பது எனக்கு முன்பே அந்தத் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது.