ஏழு பேர் குடியிருக்கும் ஸ்டோர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டுப் பிளான் கீறுகிற ஹெக்டருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருஷமாக மற்றவர்களுடைய சுவரையும் கக்கூசையும் கீறி, நகரசபைக் கந்தோரில் பாஸ் எடுத்துக் கொடுத்தே பிழைத்த மனுஷன். சொந்த வீட்டுக்கு ஒரு மேல்மாடி கட்ட அனுமதி கேட்டுப் போய், ஒன்பது மாதமாகச் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, தான் போய்க் கஞ்சித் தொட்டியில் விழுந்ததாம் என்றாள் கொன்ஸ்ரன்ஸ். பெண்சாதி சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

மேல்மாடி மகளுக்கு. டில்ஷானி புருஷனோடு வத்தளையில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரன் தை மாதத்தோடு வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டான். அவளுக்கோ வயிற்றில் ஆறு மாதம். கீழே மகன் குடும்பத்தோடு சேர்த்து ஏற்கனவே ஏழு பேர். நடக்கிறதென்றாலே ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

குறுக்கே நின்றது பின்மதிலுக்கு அப்பால் இருந்த ரெனால்டின் கேஸ் ஸ்டோர். நூற்றுக்கணக்கில் சிலிண்டர் அடுக்கிய இடம். அப்படிப்பட்ட இடத்தைச் சுற்றிக் குறித்த தூரத்துக்குள் புதிதாக ஆட்கள் குடியிருக்கக் கட்ட விடமாட்டார்கள். நெருப்புப் பிடித்தால் எத்தனை உயிர் போகும் என்று யோசித்து வைத்த விதி, அதில் ஹெக்டருக்கும் மறுப்பில்லை. ஆனால் வீடு அவருடைய தகப்பன் காலத்தது, ஸ்டோர் வந்து பதினொரு வருஷம். பிந்தி வந்தது முந்தி இருந்ததை மறிப்பது என்ன நியாயம்? ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கடிதம் வரும் என்றார்கள். வந்த கடிதத்தில் முடியாது என்றுதான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கந்தோர் மேசையில் இருந்தது புதிதாக வந்த ஒரு சிங்களப் பெண்பிள்ளை. பொறுமையாகக் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், ஸ்டோருக்கு அனுமதி கொடுத்த பழைய ஃபைலையும் எடுப்பித்தாள். கந்தோர் இரண்டு முறை இடம் மாறியதில் அது எலிக்கும் கறையானுக்கும் போயிருக்கும் என்றுதான் ஹெக்டர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். போகவில்லை.

அவள் விரித்த பிளான் பதினொரு வருஷத்துக்கு முன் ஹெக்டர் கீறியது. கேஸ் ஸ்டோருக்கு அனுமதி கேட்கும்போது, சுற்றியிருக்கிற ஒவ்வொரு கட்டடமும் என்ன பாவனையில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். வீடு என்று குறித்தால் அனுமதி கிடையாது. ரெனால்டோ டில்ஷானியின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் அவளுக்காக மெழுகுதிரி பிடித்தவன். "எல்லாம் பழைய கிட்டங்கிக் கட்டடம்தானே மச்சான், ஸ்டோர் எண்டு போட்டு விடு" என்றான். பிள்ளையின் ஞானத்தகப்பன் வாய் திறந்து கேட்டதை இல்லை என்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஹெக்டரும் போட்டார். பின்மதிலோடு ஒட்டிய நாலு வீட்டையும் ஸ்டோர் ஆக்கினார். அதில் ஒன்று தன்னுடையது. ஒருவரும் வந்து கதவைத் தட்டிப் பார்க்கவில்லை.

"அங்கிள், இதில் உங்கள் இடம் ஸ்டோர்" என்றாள் அந்தப் பிள்ளை சிங்களத்தில். பிறகு குரலைத் தணித்தாள். "ஸ்டோருக்கு மேலே இன்னொரு ஸ்டோர் கட்டத் தடையில்லை. அப்படியே எழுதிக் கொடுங்கள். இந்த மாதமே சரிவரும்." கெட்ட பிள்ளை இல்லை. வயசான மனுஷன் இவ்வளவு அலைகிறாரே என்ற இரக்கம்தான்.

ஹெக்டருக்கு முதலில் வந்தது சந்தோஷம், மறைப்பானேன். ஒன்பது மாத அலைச்சல் ஒரு சொல்லில் முடிகிறது. பேனை மூடியைக் கழற்றினார். மேலே ஸ்டோர் என்று இருக்கும், அதற்குள் டில்ஷானியும் குழந்தையும் இருப்பார்கள். ரெனால்ட் நாளைக்கு இன்னும் இருநூறு சிலிண்டர் இறக்க அனுமதி கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கடதாசியில் பக்கத்தில் ஆட்களே இல்லையே. அந்த ஆட்களை இல்லாமல் ஆக்கியது யார்? தன்னை நினைக்கவே அவருக்கு அலுத்துப்போயிற்று.

"மிஸ், அந்தப் பிளான் பிழை. பொய்யாகக் கீறியது நான்தான்" என்றார். "அங்கே நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம். மற்ற மூன்று வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்."

அவள் மேசைக்கு மேல் குனிந்தாள். "இதை எழுதிக் கொடுத்தால் இனி உங்கள் பிளான் எதுவும் இங்கே பாஸாகாது அங்கிள். மேல்மாடியும் கிடைக்காது."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது டில்ஷானி போனில் கூப்பிட்டாள்.

"டாடி, பாஸாகிட்டா?"

"இல்ல மகள். கிடைக்கிற மாதிரிதான் இருந்திச்சு. நான்தான் வேணாம் எண்டு எழுதிக் குடுத்திட்டேன்." ரெனால்ட் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

"அப்ப தை மாசம் நாங்க எங்க போறது?"

"எங்கட அறைக்கு வாங்க. நானும் மம்மியும் ஹோல்ல படுக்கிறம்."

"அந்த அறை பின்மதிலோட ஒட்டினதுதானே டாடி" என்றாள் டில்ஷானி. "மற்றப் பக்கம் கேஸ். அங்கயா பிள்ளைய வளக்கச் சொல்றீங்க?"

"வேற இடம் இல்ல மகள்" என்றார் ஹெக்டர்.