மேல மரமும் ஏழு ஒட்டுக்குச்சிகளும்

வெளியூர் மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து வந்து வீட்டுக் கன்றில் ஒட்டுக்கட்டலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கட்டலாம். நான் ஒரு முறை அதற்காகவே தாம்பரத்திலிருந்து பத்தமடை வரைக்கும் போயிருக்கிறேன். தொண்ணூற்றாறாம் வருடம், ஆடி மாதம். எப்படிப் போகக் கூடாது என்பதற்கு அந்தப் பயணத்தைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தவர் மைதீன். நான் டைபாய்டில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, என் துணியைத் துவைத்துப் போட்டவர். காய்ச்சல் விட்ட பிறகு நாக்கில் எதுவும் ஏறவில்லை. ஊரிலிருந்து அவருக்கு வந்திருந்த மாம்பழம்தான் முதலில் ருசித்தது. பேர் இல்லாத ரகம், அவர்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் இருந்த மரம். பிறகு அவர் துபாய்க்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒருநாள் என் ஆபீசுக்குப் போன் செய்தார். வீட்டைக் கொல்லைப்பக்கம் இழுத்துக் கட்டப் போகிறார்களாம், மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மரத்தை வெட்டுகிறார்களாம், எப்படியாவது குச்சி எடுத்து ஒட்டுக்கட்டி வைக்க வேண்டுமாம். என்னிடம் அவர் கேட்ட ஒரே உதவி அது. லைன் கரகரவென்று இருந்தது. அரைகுறையாகக் கேட்டதை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்: "மேலே எடுக்கணும். கீழே தொடக் கூடாது, புளிப்பு."

ஒரே மரத்தில் மேலே இனிப்பு, கீழே புளிப்பு எப்படி என்று குழம்பினேன். வெயில் படும் கிளைக்கு ருசி அதிகம் போலிருக்கிறது என்று நானே ஒரு விஞ்ஞானமும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

ரயில் நெல்லை ஜங்ஷனுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் காலை ஒன்பதரைக்கு வந்தது. பத்தேகாலுக்கு அம்பாசமுத்திரம் பஸ். பத்தமடைக்கு நான்கு ரூபாய், சுமார் இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். கண்டக்டர் "பைய எறங்குங்க" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மெதுவாக இறங்கச் சொன்னார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

வழி கேட்டால் எல்லோரும் தெக்க போங்க, கெழக்க திரும்புங்க என்றார்கள். இடது, வலது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. சாரல் மூட்டத்தில் சூரியனையும் காணோம். பத்து நிமிட நடைக்கு நாற்பது நிமிடம் ஆனது.

மைதீனின் அண்ணன் காதர் ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோரைப்பாய் வியாபாரம், நிதானமான மனிதர். நான் கடிதத்தில் கேட்டிருந்தபடி பத்து நாளைக்கு முன்பே இலை கழித்து வைத்திருப்பதாகச் சொன்னார். வெட்டவேண்டிய குச்சிகளில் காம்பை மட்டும் விட்டு இலையை நறுக்கிவிட்டால், மொட்டு புடைத்துத் தயாராக நிற்கும். மரம் வெட்டுகிறவர் ஒத்தாசைக்கு இருப்பார், எடுத்துவிட்டு இருங்கள், வந்ததும் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே ஒரு மாமரம். கோரைப்புல் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் இன்னொன்றும் நின்றதை நான் கவனிக்கவில்லை. எதிரே நின்ற மரத்தில் இலை கழித்த குச்சி ஒன்றுகூட இல்லை. காதர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மரம் வெட்டுகிறவரிடம் மேல எடுக்கணும் என்றேன். "மேலயா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். தலைக்கு மேலே கையைக் காட்டினேன். மனிதர் உச்சி வரைக்கும் ஏறி இருபது குச்சி வெட்டிப் போட்டார். ஈரத்துணியில் சுற்றினேன். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் இருந்ததால், சாப்பிடக்கூட நிற்காமல் ஜங்ஷனுக்குத் திரும்பினேன்.

மணி இரண்டு. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது எதிரே மேலப்பாளையம் என்று போர்டு போட்ட பஸ் நின்றது. மேட்டில் இருக்கிற ஊரா என்று டீக்கடைக்காரரிடம் சும்மா கேட்டேன்.

"மேடெல்லாம் இல்ல சார். பாளையங்கோட்டைக்கு மேக்க இருக்கு. மேலன்னா மேக்க."

"அப்போ கீழன்னா?"

"கெழக்க."

டீயைப் பாதியில் வைத்தேன். மைதீன் சொன்னது மேல மரம். மேற்கே நிற்கிற மரம். என் பையில் இருந்த இருபதும் புளிப்பு.

இரண்டேகால் பஸ்ஸில் ஏறினேன். வாழ்க்கையில் அப்படியொரு பயத்தோடு நான் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை. மரம் போய்விட்டால் அவரிடம் என்ன சொல்வது? தமிழ் புரியவில்லை என்றா?

மூன்று மணிக்கு இறங்கி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மேல மரம் கீழே கிடந்தது. தெருவில் உள்ள வெள்ளாடுகள் எல்லாம் அதன் மேல் ஏறி நின்று மேய்ந்துகொண்டிருந்தன. காதர் கழித்து வைத்திருந்த குச்சிகளும் அதில்தான் இருந்தன, மொட்டெல்லாம் புடைத்து. ஆடுகளுக்கும் அந்த நுனிதான் பிடித்திருந்தது. பையை வீசிவிட்டு ஓடினேன். காதரும் ஓடி வந்து துண்டால் ஆடுகளை விரட்டினார். இருவரும் இலைக்குள் புகுந்து தேடியதில் நுனி முழுசாக இருந்த குச்சி ஏழு கிடைத்தது.

நடந்ததைச் சொன்னேன். காதர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எந்த மரமுன்னு நாந்தான் தொட்டுக் காட்டிட்டுப் போயிருக்கணும். தம்பி மூணு லெட்டர் போட்டுட்டான் இதுக்கு."

அன்று ரயில் போய்விட்டது. அவர் வீட்டில் தங்கினேன். ஏழு குச்சியையும் அவரே ஈரச் சாக்கில் சுற்றி, அதற்கு மேல் வாழைமட்டை வைத்துக் கோரைநாரால் கட்டிக் கொடுத்தார். மறுநாள் ரயிலில் ரிசர்வேஷன் இல்லாமல் நின்றுகொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்காரர் வந்து பைக்கன்றுகளின் தலையை வெட்டிப் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் சொருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டினார். ஐந்து கருகிப்போயின. இரண்டு துளிர்த்தன.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடி, ஆவணி நல்ல காலம். பென்சில் தடிமனுள்ள குச்சி போதும். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். மரத்தைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் எவ்வளவு நல்ல தமிழ் பேசுபவராக இருந்தாலும் சரி.

இரண்டு வருடம் கழித்து மைதீன் விடுப்பில் வந்தார். அவருக்கென்று ஒரு கன்றை வைத்திருந்தேன். அதன் முன்னால் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கன கொண்டுபோயி வைக்க வே? மண்ணு தெரியாம வீடா கட்டிட்டோம். நாந்தானே துட்டு அனுப்புனேன்."

அவர் எழுந்து மண்வெட்டி கேட்டார். இரண்டு கன்றையும் என் வீட்டுத் தோட்டத்தில் அவர் கையாலேயே நட்டுவிட்டுப் போனார்.

முதல் காய்ப்பு வந்தபோது அவர் துபாயில் இருந்தார். நாங்கள்தான் அறுத்துத் தின்றோம். புளிக்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதித் தபாலில் போட்டேன்.